தோற்றாலும் நட்டமில்லாத அணி

கடந்த அக்டோபர் 31 அன்று இரவு, திருநாவலூர்க் கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கி ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்தேன். நான்கு இளைஞர்கள் ஒரே கைப்பேசியின் மீது தலைகளைக் கவிழ்த்திருந்தனர். டெல்லி தியாகராஜ் அரங்கில் புரோ கபடி லீக்கின் பன்னிரண்டாவது பருவத்து இறுதிப்போட்டி நடந்துகொண்டிருந்தது. தபங் டெல்லி அணி 31-28 என்ற புள்ளிக் கணக்கில் புனேரி பல்தானை வென்றது. கடைசி ரெய்டு முடியும்வரை அந்த நால்வரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. முடிந்ததும், "நம்ம அணி என்ன ஆச்சு தம்பி?" என்று கேட்டேன். "அது லீக்கோட ஊட்டுக்குப் போயிடுச்சு சார். வருசா வருசம் போறதுதானே" என்றார் ஒருவர். அவர் குரலில் கோபம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லும் விவசாயியின் குரல் அது.

அந்தக் குரல் என்னை யோசிக்க வைத்தது. தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு கபடி. ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத மண் இது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் மணத்தி கணேசன் இருந்தார். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பையை வென்று தந்தவர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். ஆனால், 'தமிழ்' என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய தமிழ் தலைவாஸ் அணி, 2017 முதல் ஆடிய எட்டுப் பருவங்களில் ஒரே ஒருமுறைதான் பிளே-ஆஃப் சுற்றை எட்டியிருக்கிறது. இந்த ஆண்டு விதியைத் தளர்த்தி, பன்னிரண்டு அணிகளில் எட்டு அணிகளுக்கு அடுத்த சுற்று வாய்ப்பளித்தார்கள். அந்த எட்டிலும் தலைவாஸ் இல்லை.

இதைப் பயிற்சியாளரின் தவறு, அணித்தலைவரின் தவறு என்று பேசிவிட்டு நகர்வது எளிது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. எட்டு ஆண்டுகளாக ஒரு நிறுவனம் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தும் அதன் கடை ஏன் மூடப்படவில்லை?

விளையாட்டுச் சந்தை மற்றச் சந்தைகளைப் போன்றதன்று. ஒரு சோப்பு நிறுவனம் தன் போட்டியாளர் ஒழிய வேண்டும் என்று விரும்பலாம். ஒரு கபடி அணி அப்படி விரும்ப முடியாது. எதிரணி இல்லாவிட்டால் விற்பதற்குச் சரக்கே இல்லை. வால்டர் நீல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1964-இல் இதை ஒரு குத்துச்சண்டை உதாரணத்தால் விளக்கினார். உலகச் சாம்பியன் ஜோ லூயிஸுக்குப் பெருங்கூட்டமும் பெரும்பணமும் சேர வேண்டுமானால், எதிரே மேக்ஸ் ஷ்மெலிங் போன்ற வலுவான ஆள் நிற்க வேண்டும். நோஞ்சானை நிறுத்தினால் நுழைவுச்சீட்டு விற்காது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்வரிசை மாணவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஆகவே, அணிகளை ஏறக்குறைய சமபலத்தில் வைத்திருப்பதே ஒரு லீக்கின் முதல் வேலை. அதற்குத்தான் ஏலம், அதற்குத்தான் அணிக்கு இவ்வளவுதான் செலவிடலாம் என்ற ஊதிய உச்சவரம்பு, அதற்குத்தான் பருவத்தின் கடைசி வாரம்வரை பாதி அணிகளுக்காவது நம்பிக்கையைத் தக்கவைக்கும் பிளே-ஆஃப்.

இந்த அளவுகோலில் புரோ கபடி தேறிய லீக்தான்; அதை மறைக்கக் கூடாது. 2014-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய இப்போட்டியில் இதுவரை எட்டு வெவ்வேறு அணிகள் கோப்பையைத் தொட்டிருக்கின்றன. பாட்னா மூன்றுமுறை தொடர்ந்து வென்ற காலத்துக்குப் பிறகு, கடந்த ஏழு பருவங்களில் பெங்களூரு, பெங்கால், டெல்லி, ஜெய்ப்பூர், புனே, ஹரியானா என்று ஆறு அணிகள் மகுடம் சூடின. டெல்லி மட்டும் இருமுறை. முதல் பருவத்தில் மிக அதிக விலை போன ராகேஷ் குமாரின் மதிப்பு 12.80 லட்சம் ரூபாய். 2023-இல் பவன் செராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. மண்ணில் புரண்ட ஆட்டத்துக்கு இப்படியொரு விலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆக, லீக்கில் பாரபட்சம் இருப்பதால் தமிழ் அணி தோற்கிறது என்று சொல்ல முடியாது. புதிய அணி என்ற சாக்கும் செல்லாது. அதே 2017-இல் உடன் நுழைந்த குஜராத், முதல் இரண்டு பருவங்களிலும் இறுதிப்போட்டிக்கு வந்தது. ஹரியானா 2024-இல் கோப்பையையே வென்றது. பணம் செலவழிக்கவில்லை என்றும் கூற முடியாது. 2022-இல் பவனுக்கு 2.26 கோடி, 2024-இல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி, இந்த ஆண்டு அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி. வாங்குவதில் தலைவாஸ் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

2022-ஆம் ஆண்டை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 2.26 கோடி கொடுத்து வாங்கிய பவன், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அணி அவ்வளவுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம். ஆனால், அந்தப் பருவத்தில்தான் நரேந்தர் என்ற புதுமுக ரெய்டரும் சாகர் ராத்தீ தலைமையிலான இளம் தடுப்பாட்டக்காரர்களும் அணியைத் தூக்கி நிறுத்தினர். உ.பி. யோத்தாஸை 36-36 எனச் சமன்செய்து, கூடுதல் ரெய்டுகளில் வென்று, அரையிறுதியில் புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் வீழ்ந்தனர். பெரும் விலை கொடுத்த ஆள் இல்லாத ஆண்டுதான் அணியின் பொன்னாண்டு! அடுத்து வந்த ஏலங்களில் அணி நிர்வாகம் மீண்டும் பெரும் பெயர்களைத் தேடிப் போனது. இந்த ஆண்டு பவனும் திரும்ப வந்தார். தொடரின் தொடக்கத்திலேயே அணியும் அவரும் கசப்போடு பிரிந்தனர்.

அந்தப் பொன்னாண்டில் நடந்த இன்னொன்று பலருக்கு நினைவிருக்காது. அந்தப் பருவத்தில் சென்னையில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. லீக் ஆட்டங்கள் பெங்களூரு, புனே, ஹைதராபாத் ஆகிய மூன்று நகரங்களில், பிளே-ஆஃப் மும்பையில். தமிழ் அணி தன் வரலாற்றில் ஆடிய ஒரே அரையிறுதியைத் தமிழ்நாட்டில் ஒருவரும் நேரில் காணவில்லை. பெருந்தொற்றுக்கு முன்பு இந்த லீக் ஊர்ஊராகச் செல்லும். ஒவ்வோர் அணியின் நகரத்திலும் சில நாட்கள் கூடாரமடிக்கும். 2021-இல் தொற்றுப் பாதுகாப்புக்காகப் பெங்களூரில் ஒரே விடுதியில் முடங்கியது. அதற்குக் காரணம் இருந்தது. தொற்று போன பிறகும், 2023-24 பருவம் ஒன்றைத் தவிர, பழைய வழக்கம் திரும்பவில்லை. 2024-இல் மூன்று நகரங்கள். இந்த ஆண்டு நான்கு. நான்கில் ஒன்றாகச் சென்னை அமைந்தது நம் நல்வினை. பாட்னாக்காரருக்கும் அகமதாபாத்காரருக்கும் அதுவும் இல்லை.

இது ஏன் முக்கியம்? சொந்த ஊரில் ஆட்டம் இல்லாத அணிக்குச் சொந்த ஊரில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. அரங்கத்தில் காலி நாற்காலிகள் ஓர் உரிமையாளரிடம் பேசும் மொழி, தொலைக்காட்சிப் புள்ளிவிவரங்களுக்குத் தெரியாது. 2024-இல் சாம்பியனான ஹரியானாவுக்குக் கிடைத்த பரிசு 3 கோடி ரூபாய். ஓர் அணியின் ஊதிய உச்சவரம்போ 5 கோடி. அதாவது, கோப்பையை வென்றாலும் பரிசுப்பணத்தில் ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கொடுத்து முடிக்க முடியாது. உரிமையாளரின் கணக்கு நிற்பது லீக்கின் பொதுவருவாயில் வரும் பங்கின் மீதும், சட்டையில் ஒட்டும் விளம்பரங்களின் மீதும். பன்னிரண்டாம் இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே பன்னிரண்டு அணிகளில் ஓர் இடம் உறுதி. கீழே இறக்கிவிடும் ஏற்பாடும் இல்லை. கீழிருந்து ஏறிவரும் ஏணியும் இல்லை.

கனடாவில், குறிப்பாக டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் நம் மக்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. அந்நகரின் பனித்தரை ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1967-இல். அப்போது அந்த லீக்கில் இருந்தவை ஆறே அணிகள், இன்று முப்பத்திரண்டு. கடந்த ஒன்பது பருவங்களிலும் தொடர்ந்து பிளே-ஆஃப் வந்தார்கள். அவற்றில் இரண்டே இரண்டு முறைதான் முதல் சுற்றைத் தாண்டினார்கள். கடந்த மே மாதம் அவர்களை வீட்டுக்கு அனுப்பிய ஃபுளோரிடா அணி, இயற்கையில் பனி விழுவதே அரிதான நாட்டிலிருந்து வந்து, தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகக் கோப்பையைக் கொண்டுசென்றது. ஆயினும், சொத்து மதிப்பில் டொராண்டோ அணிதான் அந்த லீக்கின் முன்வரிசையில் நிற்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோப்பை இல்லை. உரிமையாளருக்கு நட்டமும் இல்லை. மூடிய லீக் என்ற அமைப்பின் குணம் அது. கபடிக்கும் பனித்தரை ஹாக்கிக்கும் அதில் வேறுபாடு கிடையாது.

ஆனால், இரண்டு வேறுபாடுகள் உண்டு. என் வாதத்தின் மையமே அவைதாம். ஒன்று, வட அமெரிக்க ஹாக்கி லீக்கில் ஒவ்வோர் அணியும் ஆடும் 82 ஆட்டங்களில் 41 ஆட்டங்கள் சொந்த ஊரில். தோற்றுக்கொண்டே இருந்தாலும் தன் மக்களின் முகத்தில் விழித்துத்தான் தோற்க வேண்டும். இரண்டு, அங்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. ஆனால், அது சும்மா வந்ததன்று. உரிமையாளர்கள் உச்சவரம்பைக் கொண்டுவர முயன்றபோது ஆட்டக்காரர் சங்கம் மறுத்தது. பேச்சு முறிந்து, 2004-05 பருவம் முழுவதுமே நடக்கவில்லை. அந்த ஆண்டு கோப்பையே வழங்கப்படவில்லை. இறுதியில் சங்கம் உச்சவரம்பை ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு வருவாயில் ஆட்டக்காரர்களின் பங்கு எழுத்தில் வந்தது. 2013-இலிருந்து அது சரிபாதி. லீக்கின் வருவாய் ஏறினால் உச்சவரம்பும் தானாக ஏறும்.

நம் கபடியில் உச்சவரம்பு உண்டு; பங்கு பற்றிய எழுத்து இல்லை. அதைக் கேட்டுப் பேரம் பேசும் வலுவுள்ள சங்கமும் இல்லை. கணக்கு எளியது. பன்னிரண்டு அணிகள், அணிக்கு 5 கோடி. ஆக, ஒரு பருவத்தில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து அதிகபட்சம் 60 கோடி. ஒளிபரப்பு உரிமை 2021-இல் ஐந்து பருவங்களுக்குச் சுமார் 908 கோடிக்கு விற்கப்பட்டது. பருவத்துக்கு ஏறத்தாழ 181 கோடி. விளம்பரதாரர் பணத்தையும் நுழைவுச்சீட்டு வருவாயையும் சேர்க்காமல், ஒளிபரப்புப் பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே, தொடையில் தட்டிக்கொண்டு களமிறங்குபவர்களுக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு. ஒரே முதலாளிதான் வேலை தர முடியும் என்ற நிலையில் கூலி எப்படி நிர்ணயமாகும் என்பதைப் பாடநூலில் படித்திருக்கிறோம். இங்கே பன்னிரண்டு முதலாளிகள் இருக்கிறார்கள். ஆனால், உச்சவரம்பு என்ற ஒரே கயிற்றைப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. லீக்கை நடத்துவது மஷால் ஸ்போர்ட்ஸ் நிறுவனம். 2015-இல் அதன் 74 விழுக்காட்டுப் பங்குகளை ஸ்டார் நிறுவனம் வாங்கியது. 2021-இல் ஒளிபரப்பு உரிமையை ஏலம் எடுத்ததும் ஸ்டார்தான். மாட்டைச் சந்தைக்கு ஓட்டி வந்தவரும் துண்டுக்குள் கைவைத்து விலை பேசியவரும் ஒரே வீட்டார் என்றால், அந்த விலையைச் சந்தை விலை என்று சொல்ல எந்தப் பொருளியலாளருக்கும் தயக்கம் வரும். விலை தவறு என்பதன்று என் குற்றச்சாட்டு. சரியா, தவறா என்று சோதித்துப் பார்க்கும் வழியே அடைபட்டிருக்கிறது என்பதுதான். 2024 நவம்பரில் ஸ்டாரும் ரிலையன்ஸ் சார்ந்த வயாகாம்18-உம் இணைந்து ஜியோஸ்டார் ஆகிவிட்டன. விளையாட்டு ஒளிபரப்புச் சந்தையில் எதிர்நின்று கேட்கக்கூடிய பெரிய கை ஒன்று குறைந்துவிட்டது.

இந்தப் பருவத்தோடு அந்த ஐந்து பருவக் கணக்கு முடிகிறது. அடுத்த ஒப்பந்தம் எப்படி எழுதப்படும் என்பதுதான் இப்போதைய கேள்வி. கோப்பை யாருக்குப் போனது என்பதைவிட அது பெரியது. ஆனால், அதைப் பற்றி ஒரு வரிச் செய்தியைக்கூட நாம் தேடிப் படிப்பதில்லை. பிளே-ஆஃப் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் இளைஞர்களிடம் 'ஊதிய உச்சவரம்பு எவ்வளவு?' என்று கேட்டால் விழிக்கிறார்கள். பங்கு என்ற சொல் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். ஒவ்வோர் அணியும் சொந்த மாநிலத்தில் ஆட வேண்டிய ஆட்டங்களின் எண்ணிக்கை ஏற வேண்டும். இவை இரண்டும் இருந்தால், தோல்விக்கு ஒரு விலை உண்டாகும். உச்சவரம்பை உயர்த்தினால் சிறிய அணிகள் தள்ளாடும் என்று எதிர்வாதம் வரும். அதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் ஹாக்கி லீக்குகள் 2008-இலும் 2012-இலும் 2017-இலும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோனதை நாம் பார்த்தோம். சென்னை வீரன்ஸ், சென்னை சீட்டாஸ் என்ற பெயர்கள் இன்று யார் நினைவில் இருக்கின்றன? லீக் நிலைக்க வேண்டும் என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. நான் கேட்பது உயர்வை அன்று, விகிதத்தை. வருவாய் குறைந்தால் ஆட்டக்காரரின் பங்கும் குறையட்டும், கூடினால் கூடட்டும்.

பெண்களின் நிலையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். 2016-இல் ஆண்கள் தொடரின் ஊடே மூன்று அணிகளை வைத்து ஒரு மகளிர் போட்டி நடத்தினார்கள். இறுதிப்போட்டி 24-23 என்று ஒரே புள்ளியில் முடிந்தது. சுவை குறைவு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அத்தோடு சரி, அந்த மகளிர் போட்டிக்கு இரண்டாம் பருவம் வரவேயில்லை. கடந்த மாதம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஆடினார். மாநில அரசு அவரை அழைத்துப் பரிசளித்தது, நாடே பாராட்டியது. நாளை அவர் ஏலத்துக்குப் போக வேண்டுமென்றால், போவதற்குப் புரோ கபடியில் ஏலம் இல்லை. தலைவாஸ் தோற்றுத் தோற்றும் அடுத்த ஆண்டு ஆடலாம். கார்த்திகா வென்று வென்றும் அந்த லீக்கில் ஆட முடியாது.

எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பொங்கலையும் கோயில் திருவிழாக்களையும் ஒட்டிக் கபடிப் போட்டி நடக்காத ஊர் குறைவு. இரவு முழுக்க விளக்கொளியில் ஆட்டம் நடக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் பையன்களின் கால்வலுவைக் கண்டு நான் வியந்ததுண்டு. இவர்களின் கனவு கோடி ரூபாய் ஏலமன்று. விளையாட்டு வீரர்களுக்கான இடஒதுக்கீட்டில் ஒரு காவலர் வேலை, அல்லது ரயில்வேயில் ஒரு வேலை. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் மாவட்ட அளவில் நல்ல ரெய்டர். ஒரு தேர்வு முகாமுக்குப் போய் முதல் நாளே திரும்பி வந்தார். காரணம் கேட்டபோது, "தரை வழுக்குது சார். ஷூ போட்டு நான் பாடுனதே இல்ல" என்றார். மண்ணில் வெறுங்காலால் ஆடியவருக்கு, காலணி அணிந்து மேட்டில் திரும்புவது வேறு ஆட்டம். திறமை இருந்தது. பழகுவதற்கு ஒரு விரிப்பு இல்லை. ஏலத்தில் ஓர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விலையில் ஒரு மாவட்டத்தின் ஒன்றியங்களுக்கெல்லாம் மேட் வாங்கிப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

தலைவாஸின் நட்சத்திரங்கள் பெரும்பாலும் வெளி மாநிலத்தார் என்ற முணுமுணுப்பு ஊரில் உண்டு. முதல் அணித்தலைவர் அஜய் தாக்கூர் இமாச்சலத்தவர், பவன் டெல்லிக்காரர், அர்ஜுன் உத்தரப் பிரதேசத்தவர். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. பாட்னாவுக்குச் சேரலாதன் கோப்பை வாங்கிக் கொடுத்தபோது பாட்னாக்காரர்கள் ஊர் கேட்கவில்லை. அர்ஜுன் நன்றாக ஆடினார்; அவரைக் குறைசொல்வது நன்றிகெட்ட செயல். என் கேள்வியெல்லாம், 'தமிழ்' என்ற பெயரை விற்று வரும் பணத்தில் ஒரு சிறு பகுதியாவது அந்தப் பெயர் விளைந்த மண்ணுக்குத் திரும்புகிறதா என்பதுதான். உரிமம் தரும்போதே அதை ஒரு நிபந்தனையாக எழுதியிருக்கலாம். இப்போதும் எழுதலாம். மாநில அரசும், அரங்கத்தைக் கொடுக்கும்போது, வாடகையோடு இதையும் கேட்கலாம்.

சென்ற வாரம் தேநீர்க் கடையில் பார்த்த அதே இளைஞர்களில் இருவர் பொங்கல் போட்டிக்கு நன்கொடைப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தனர். இம்முறை மண்ணில் இல்லையாம். ஒரு நாளைக்காவது மேட் வாடகைக்கு எடுத்து ஆட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். விழுப்புரத்தில் ஒருவரிடம் இருக்கிறதாம். "லாரி வாடகை தனி சார்" என்று சொல்லிவிட்டு, நான் எவ்வளவு எழுதப்போகிறேன் என்று என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.